டிரைவர் குடிக்காத தண்ணீர்

புதிதாகக் கண்டக்டர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று டெப்போவில் கேட்டார்கள். டிக்கெட் போடுவதையும் செக்கிங் வந்தால் எப்படிப் பேச வேண்டும் என்பதையும் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். நான் தண்ணீர் குடிப்பதைப் பற்றி எழுதப் போகிறேன். தண்ணி என்றதும் சிரிக்கிறீர்கள், தெரியும். நான் சொல்வது பானைத் தண்ணீரை. குடித்த தண்ணீர் வெளியே போக வேண்டும் அல்லவா, அதைப் பற்றியும் கூச்சப்படாமல் எழுதுவேன். கிழவனுக்குப் பேச வேறு விஷயம் கிடைக்கவில்லையா என்று நினைப்பவர்கள் மே மாதம் முழுவதும் பகல் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது பாட்டில் தண்ணீர் என்று ஒன்று கிடையாது. பஸ்ஸில் தண்ணீர் உண்டு. டிரைவர் காலடியில் ஒரு பெரிய தகர டின் நிறையத் தண்ணீர் இருக்கும். அது ரேடியேட்டருக்கு. டிரிப் முடிந்து ஸ்டாண்டில் நிற்கும்போதெல்லாம் டிரைவர்கள் தவறாமல் மூடியைத் திறந்து பார்த்து ஊற்றுவார்கள். அவர்கள் வாய்க்கு மட்டும் ஒன்றும் போகாது. காலையில் ஒரு டீ, இடையில் ஒரு டீ, வாயில் வெற்றிலை. வெற்றிலையை அடக்கி வைத்துக்கொண்டால் தாகம் தெரியாது என்பது எங்கள் டெப்போவில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. தாகம் தெரியாமல் போகும், உடம்புக்குத் தண்ணீர் வந்துவிடாது. அந்த வித்தியாசம் எங்களுக்குப் புரிய வெகுநாள் ஆனது.

ஏன் குடிக்க மாட்டார்கள் என்று கேட்பீர்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஸ்டாண்டில் இருந்த கழிப்பறைக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டுகூட நுழைய முடியாது. வழியில் நிறுத்தலாம் என்றால் பின்னால் தனியார் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வருவான். நாம் நின்ற நேரத்தில் அவன் முந்திப் போய் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போய்விடுவான். இதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஒரு டிரைவர் அடிக்கடி ஒதுங்கினால், "என்னப்பா, சக்கரையா?" என்று யாராவது கேட்பார்கள். சர்க்கரை நோய் என்று பேச்சுக் கிளம்பினால் அது ஆபீஸ் வரை போகும். ஆபீசிலிருந்து மெடிக்கல் செக்கப்புக்கு அனுப்புவார்கள். அதில் அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. டெப்போ கேட்டில் உட்கார்ந்து வருகிற போகிற வண்டியை வேடிக்கை பார்க்கிற வேலைதான். டிரைவர்களுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. ஆகவே எங்கள் ஆட்கள் சர்க்கரைக்குப் பயந்து தண்ணீரை விட்டார்கள். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். வெயிலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குச் சிரிப்பு வராது.

எனக்கு வாய்த்த டிரைவர் இந்த விஷயத்தில் மன்னன். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இப்போதும் ஒத்தக்கடைப் பக்கம் நல்லபடியாக இருக்கிறார்கள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர், கட்டுமஸ்தான ஆள், வண்டியை அவர் எடுப்பதும் நிறுத்துவதும் மடியில் தூங்குகிற பிள்ளைக்குக்கூடத் தெரியாது. காலையில் சீட்டில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். "அண்ணன் சீட்டை விட்டு எந்திரிச்சுப் பாத்துருக்கியா?" என்று மற்ற டிரைவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவரும் மீசையைத் தடவிக்கொள்வார். நானும் அந்தப் பெருமையில் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொண்டேன், அவருடைய கண்டக்டர் என்ற முறையில்.

அந்த வருஷம் கத்திரி வெயில் ரொம்ப மோசம். முகூர்த்த நாள் வேறு. மதுரையிலிருந்து திருமங்கலம் போய், அங்கிருந்து உள்ளே கரிசல் காட்டுக் கிராமம் ஒன்று வரைக்கும் எங்கள் ரூட். முற்பகல் டிரிப்பில் வண்டி பிதுங்கியது. பட்டுச் சேலைகளும் பழத்தட்டுகளும் அழுகிற பிள்ளைகளுமாக ஒரே அமளி. இதில் செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவர் ஒருவர் ஆட்டுக்கிடாயோடு வந்து ஏறினார். அக்காள் மகனுக்குக் காது குத்து. இவர் தாய்மாமன். இவர் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். கிடாயும் சீர் சாமானும் வாங்கி முடிக்க நேரமாகிவிட்டதாம்.

"அண்ணே, நல்ல நேரம் முடியிறதுக்குள்ள என்னையக் கொண்டுபோய்ச் சேத்துருங்க. அம்புட்டுப் பேரும் கோயில்ல காத்துக் கெடப்பாக" என்று ஏறும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டார். கிடாயைக் கடைசி சீட்டுக்குக் கீழே கட்டிவிட்டு, அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் போட்டேன்.

திருநகர் ஸ்டாப்பில் முதல் தடவையாக எனக்குச் சந்தேகம் வந்தது. நான் விசில் அடித்தும் வண்டி நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் கத்திய பிறகு, ஸ்டாப்பைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது. கூட்டத்தில் விசில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். அடுத்து கியர் மாற்றும்போது கறகறவென்று சத்தம். அவர் கையில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கூட்டத்தை நெருக்கித் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

அந்தக் கால வண்டியில் என்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே உள்ளே இருக்கும். மேலே ஒரு தகர மூடி, அவ்வளவுதான். மே மாதத்தில் அதன் பக்கத்தில் இருப்பது எரிகிற அடுப்போடு ஒட்டி உட்கார்ந்திருப்பது மாதிரி. வழக்கமாக அந்த நேரத்துக்கு அண்ணனுடைய காக்கிச் சட்டை முதுகு தொப்பலாக நனைந்திருக்கும். அன்றைக்கு முதுகு காய்ந்திருந்தது. உப்பு மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. உதடு வெடித்து, வெற்றிலைச் சக்கை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "என்னண்ணே, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டேன். திரும்பாமலே, "ஒண்ணுமில்லப்பா" என்று வேறொரு பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் அவரோடு ஓடிய கண்டக்டரின் பெயர் அது. அந்த மனிதர் வேறு டெப்போவுக்கு மாறிப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாதவன் நான். முன்னால் திருமங்கலம் ரயில்வே கேட், அதைத் தாண்டினால் கடைத்தெரு, கல்யாணக் கூட்டம். தம்பிகளே, அவசரத்தில் முடிவெடுப்பது எப்படி என்று கேட்பீர்களே, நான் அன்றைக்குச் செய்த கணக்கு இதுதான். நான் நினைப்பது தப்பாக இருந்தால் எனக்குத் திட்டு விழும், அண்ணன் முகத்தில் முழிக்க முடியாது. நான் நினைப்பது சரியாக இருந்து வாயை மூடிக்கொண்டிருந்தால், இந்த வண்டியில் இருக்கிற ஒருவரும் வீடு போய்ச் சேராமல் போகலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. சாலை ஓரம் புளியமரங்களும், ஒரு தோட்டத்தில் பம்புசெட் ஓடி வாய்க்காலில் தண்ணீர் போவதும் தெரிந்தன. அவர் காதுக்குப் பக்கத்தில் போய் நீளமாக ஒரு விசில் அடித்தேன். வண்டி நின்றது.

"இங்க எதுக்கு மாப்ள? ஸ்டாப்பு இல்லையே" என்றார்.

"எறங்கி ரெண்டு வாய் தண்ணி குடிங்கண்ணே. கொஞ்சம் நெழல்ல ஒக்காந்துட்டுப் போவோம்."

"கிறுக்கா ஒனக்கு? டபுள் விசில் குடு, போவோம்."

விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கண்டக்டர் இரண்டு விசில் கொடுக்காமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. எடுத்து ஏதாவது ஆனால் முழுப் பழியும் டிரைவர் தலையில். அண்ணன் சட்டத்தை மீறாத ஆள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு தைரியத்தில்தான் நின்றேன்.

வண்டிக்குள் சத்தம் எழும்ப ஆரம்பித்தது. "என்னய்யா, நடுக்காட்டுல நிப்பாட்டிட்டு?" "கண்டக்டரு, விசில ஊதுய்யா!" "ஊதத் தெரியலைன்னா எங்ககிட்டக் குடு, நாங்க ஊதுறோம்." பிள்ளைகள் அழுதன. சொல்லி வைத்தாற்போல் பின்னால் தனியார் பஸ் வந்து ஓரம்கட்டியது. அந்தக் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "திருமங்கலம், திருமங்கலம்!" என்று எங்கள் வண்டியைப் பார்த்துக் கத்தினான். பாதிக் கூட்டம் இறங்கி அங்கே ஓடியது. தாய்மாமனும் கிடாயை இழுத்துக்கொண்டு ஓடினார். "ஆடு மாடெல்லாம் ஏத்துறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு அந்த வண்டி போயே போய்விட்டது.

மனிதருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கிடாய் அவர் கையிலிருந்து கயிற்றை அறுத்துக்கொள்ளாத குறையாக அவரை வாய்க்காலுக்கு இழுத்துக்கொண்டு போய், முன்னங்காலை மடக்கித் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்க ஆரம்பித்தது. அவர் அதை அப்படியே விட்டுவிட்டு, டிரைவர் பக்கக் கதவுக்கு வந்து சக்கரத்தில் கால் வைத்து ஏறினார். "யோவ், நான் போகாம எங்க அக்கா மகனுக்குக் காது குத்த முடியாதுய்யா! தெரியுமா ஒனக்கு?" என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். என் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "இவருக்கு முடியலப்பா. கண்ணப் பாரு. எறக்குவோம், பிடி" என்றார்.

நாங்கள் இருவரும் தாங்கி இறக்கினோம். தரையில் கால் வைத்ததும் அண்ணனுக்கு முழங்கால் மடங்கியது. புளியமரத்தடியில் உட்கார வைத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்றினோம். தாய்மாமன் சீர்த்தட்டில் இருந்த புதுத் துண்டை எடுத்து வாய்க்காலில் நனைத்து, கழுத்திலும் தலையிலும் போட்டார். அக்காள் புருஷனுக்கு எடுத்த துண்டு அது. பம்புசெட் குழாயிலிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து வந்து அண்ணன் வாயருகே கொண்டுபோனேன். வாயை மூடிக்கொண்டார்.

"வேணாம் மாப்ள. குடிச்சா ஒதுங்கணும். வழியில எங்க நிப்பாட்டுறது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த நிலையிலும் அந்த மனிதருக்கு அதுதான் கவலை. பக்கத்தில் கிடாய் குடித்து முடித்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டிருந்தது. "கெடா குடிச்சிருச்சு, நீங்க குடிக்க மாட்டீங்களா?" என்று கத்தினேன். கத்திய பிறகு வருத்தமாகப் போய்விட்டது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இன்னைக்கு நம்ம வண்டி எங்கயும் போகாதுண்ணே. நான் பாத்துக்கறேன். எம்புட்டுத் தடவை வேணும்னாலும் ஒதுங்கலாம்" என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சொம்பை வாங்கிக்கொண்டார். வண்டியில் இருந்த ஒரு அம்மா தூக்குவாளியில் நீச்சத்தண்ணி வைத்திருந்தார். பழைய சோற்றில் ஊறிய தண்ணீர்தான், உப்புப் போட்டது. "மடக்கு மடக்குன்னு குடிக்கக் குடுக்காதீக, எதுக்களிச்சிரும். கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க" என்று அவரே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணன் என்னைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு உங்கள் டிரைவருக்கோ பயணி ஒருவருக்கோ வெயிலில் பேச்சுக் குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால், நிழலில் படுக்க வைத்து ஈரத்துணி போட்டுக்கொண்டே ஆம்புலன்சுக்குப் போன் பண்ணிவிடுங்கள். மரத்தடி வைத்தியத்தோடு நிறுத்தாதீர்கள். எங்களுக்கு அன்றைக்கு வாய்த்தது அந்த வாய்க்கால் மட்டுந்தான். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

மிச்சம் இருந்த பயணிகளை அடுத்த வண்டியில் ஏற்றி விடலாம் என்று நான் சாலையில் நிற்கும்போது, எதிரே வந்த எங்கள் டெப்போ வண்டி ஒன்றிலிருந்து செக்கிங் இன்ஸ்பெக்டர் இறங்கினார். நல்ல மனிதர்தான், ஆனால் கண்டிப்பானவர். திரும்பி அண்ணனைப் பார்த்தேன். குடித்த பிறகு மரத்தடியில் படுத்துவிட்டிருந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கல்லு மாதிரியான அந்த ஆளின் முகத்தில் பயம் தெரிந்தது. அன்ஃபிட் என்ற அந்த ஒரு சொல்தான் அவர் கண்ணுக்கு முன்னால் நின்றிருக்கும்.

"என்னய்யா, வண்டி ஏன் நிக்குது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்குத்தான் சார், வயித்தக் கலக்கிருச்சு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "போயிட்டுப் போயிட்டு வாரேன் சார். நிக்க முடியல. என்னால டிக்கெட் போட முடியாது." கண்டக்டர் இல்லாமல் பஸ் ஓடாது. நான் விழுந்தால் வண்டி நிற்கும், அண்ணன் ஸ்டியரிங்கைத் தொட வேண்டியதில்லை. சொன்ன பிறகுதான் இதெல்லாம் எனக்கே விளங்கியது.

இன்ஸ்பெக்டர் மரத்தடியைப் பார்த்தார். "அவரு எதுக்குப் படுத்துருக்காரு?"

அண்ணன் தலையில் ஈரத்துண்டு வேறு. அப்போது தாய்மாமன் கிடாயைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் வந்து நின்றார்.

"வேற என்ன சார் செய்வாரு அவரு? இந்த ஆளு காட்டுக்குள்ள போறாரு, வாராரு, மறுபடி போறாரு. எம்புட்டு நேரந்தான் வெயில்ல சீட்டுல ஒக்காந்துருப்பாரு? நெழல்ல சாஞ்சுட்டாரு. எனக்குக் காது குத்துப் போச்சு சார்! இந்த மாதிரி வயிறு சரியில்லாத ஆள எல்லாம் ஏன் சார் டூட்டிக்கு அனுப்புறீக?"

வண்டியில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருவர்கூட உண்மையைச் சொல்லவில்லை. நீச்சத்தண்ணி கொடுத்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார், அடுத்து வந்த வண்டியை நிறுத்தி எல்லோரையும் ஏற்றினார், கிடாயையும் ஏற்றச் சொன்னார். தாய்மாமன் படியில் ஏறும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். ஈரத்துண்டை அவர் திரும்பக் கேட்கவில்லை.

பொழுது சாய்கிறவரை நாங்கள் இருவரும் மரத்தடியில் கிடந்தோம். அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை எழுந்து போய்விட்டு வந்து, "கடுக்குது மாப்ள. மஞ்சளா வருது, அதுவும் சொட்டுச் சொட்டா" என்றார். சாயங்காலம் மறுபடி போய் வந்தபோது அவர் முகமே தெளிந்திருந்தது. எனக்கு அந்த நாளில் கிடைத்த பாடப்புத்தகம் அதுதான். வெளியே போவது தெளிவாக இருந்தால் உடம்புக்குப் போதுமான தண்ணீர் போயிருக்கிறது, அடர்த்தியாக மஞ்சளாக இருந்தால் போகவில்லை. இதைத் தெரிந்துகொள்ள டாக்டர் வேண்டாம். தினமும் ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும்.

காலி வண்டியை அண்ணன் மெதுவாக ஓட்ட, டெப்போவுக்குத் திரும்பினோம். வழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "ஒன்னைய யாருய்யா பொய் சொல்லச் சொன்னது?" நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்த எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் என்னை டிஸ்பென்சரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கசப்பாக ஒரு மருந்து கொடுத்தார். "வெயில் காலம். தண்ணி நெறையக் குடிங்க. தாகம் எடுக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க" என்று எனக்கு அரை மணி நேரம் உபதேசம். வாசலில் அண்ணன் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டெப்போவில் அன்றிலிருந்து நான் 'வயித்துவலி'. "வயித்துவலி, டூட்டிக்கு வந்துட்டியா?" "டேய், வயித்துவலிக்கு முன்னாடி சீட்டக் குடுங்கடா, எறங்கி ஓடணும்ல!" ஒவ்வொரு முறையும் அண்ணன் அங்கிருந்து எழுந்து போய்விடுவார். என்னோடு பேச்சும் குறைந்துபோனது. தனக்கு வேறு கண்டக்டர் வேண்டுமென்று கேட்டிருக்கிறார் என்றுகூடக் காதில் விழுந்தது. எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது. ஒருவருடைய கௌரவத்தைக் காப்பாற்றப் போய், அதை நம் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

பேச முடியாததால் நான் செய்யத் தொடங்கினேன். ஒவ்வொரு டிரிப் முடிவிலும் டீக்கடைப் பானையிலிருந்து இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவருவேன். ஒன்றை அவர் பார்க்க நான் குடிப்பேன். இன்னொன்றை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். முதலில் அது அப்படியே இருக்கும், இல்லாவிட்டால் ரேடியேட்டருக்குள் போகும். பிறகு பாதி குறைந்திருக்கும். பிறகு காலி டம்ளர் இருக்கும். காலையில் டீக்கு முன்னால் நான் நீச்சத்தண்ணி குடித்துவிட்டு வர ஆரம்பித்தேன். திருமங்கலத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்பவர்கள் ஜன்னலோரம் வந்தால் இரண்டு கீற்று வாங்கி ஒன்றை அவர் பக்கம் நீட்டுவேன். நுங்கு, மோர், எது அகப்பட்டாலும் இதே கதைதான். உங்களுக்குச் சொல்வதும் இவ்வளவுதான். டீயை மட்டும் நம்பி ஷிப்ட் ஓட்டாதீர்கள். ஒரேயடியாக ஒரு சொம்பைக் கவிழ்க்காமல், நிற்கிற இடத்திலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பாட்டிலைக் கையோடு வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். சாயங்காலம் அது காலியாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாட்களில் ஒரு மதியம், அதே ரூட்டில் வண்டி நிறைய ஆட்களோடு போய்க்கொண்டிருந்தோம். நான் விசில் அடிக்கவில்லை. ஸ்டாப்பும் இல்லை. அண்ணன் வண்டியை ஓரம்கட்டி என்ஜினை நிறுத்தினார். முன்னால் ஓடினேன். அவர் கதவைத் திறந்து இறங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன், செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு நிதானமாக மரத்துக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது தனியார் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

முன் சீட்டில் இருந்த ஒருவர், "என்ன டிரைவரே, சக்கரையா?" என்றார்.

"இல்லப்பா. தண்ணி குடிச்சிருக்கேன்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் ஸ்டார்ட் பண்ணிவிட்டார். நான் விசிலை வாயில் வைக்கப் போனேன். இடது பக்கம் பெண்கள் சீட்டிலிருந்து, திருமங்கலம் சந்தைக்குக் கூடையோடு போகிற ஒரு அம்மா மெல்ல எழுந்தார். ஆண்கள் பக்கம் பார்க்காமல், டிரைவரிடம் மட்டும் கேட்டார்.

"அண்ணே, எங்களுக்கும் அப்படியே ஒரு அஞ்சு நிமிசம் குடுப்பீகளா? இதுக்குப் பயந்துக்கிட்டுக் காலையிலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலண்ணே."

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு என்ஜினை மறுபடி நிறுத்தினார். "போயிட்டு வாத்தா. அந்தப் பக்கம் கம்மாக்கரை மறைவா இருக்கும். அவசரமில்ல, பொறுமையா வா. கண்டக்டரு, ஆம்பளைக எல்லாரையும் இந்தப் பக்கமா எறங்கி நிக்கச் சொல்லு."

அந்த அம்மா கூடையைச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார், அவருக்குப் பின்னால் கைப்பிள்ளையோடு ஒரு பெண், பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பிள்ளைகள், ஒரு கல்யாணப் பட்டுச்சேலை. கடைசியில் பார்த்தால், வண்டியில் இருந்த பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் இறங்கிவிட்டார்கள்.